சான்றோடு நிறுத்தாதீர்கள், பீப்பாயைத் திறந்து பாருங்கள்

இருமல் மருந்தில் சேரும் இனிப்பான பாகு போன்ற கிளிசரினைத் தயாரிப்பவர்களுக்குத் தரச்சான்று கட்டாயமானால் கலப்படம் ஒழிந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சான்று வேண்டும்தான். ஆனால் அது மட்டும் போதாது.

பயோடீசல் ஆலையில் 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் உபரியாகக் கிடைக்கும். நன்றாகச் சுத்திகரித்தால் இருமல் மருந்திலேயே சேர்க்கலாம். சிக்கல் என்னவென்றால், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனமும் பார்க்க அப்படியேதான் இருக்கும். நிறமில்லை, பாகு மாதிரி வழியும், நாக்கில் இனிக்கும், விலையும் மலிவு. உள்ளே போனால் கிட்னியை அழித்துவிடும்.

2006-ல் பனாமாவில் நடந்தது இதுதான். சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்த 46 பீப்பாய்களுக்கும் '99.5 சதவீதம் தூய கிளிசரின்' என்று சான்று இருந்தது; உள்ளே இருந்ததோ டைஎத்திலீன் கிளைக்கால். தயாரித்தவர் பெயரை மறைத்து, அதே சான்றைக் கை மாற்றிக் கொடுத்தார்கள். வழியில் எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதைக் கலந்து அரசே தயாரித்துக் கொடுத்த மருந்தைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நான் மருந்து கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். லோடு இறங்கும்போது "சான்றுதான் இருக்கே, சீக்கிரம் எடுங்க" என்பார்கள். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து கேஸ் குரோமட்டோகிராபி (கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) பார்க்காமல் விடக் கூடாது. கிளிசரினில் இந்த நச்சு இருக்கலாம் என்ற வரம்பு 0.1 சதவீதம்தான், அது கண்ணுக்குத் தெரியாது. சான்றில் முதலில் தயாரித்த ஆலையின் பெயர் கடைசிவரை இருக்க வேண்டும் என்பதையும் சட்டமாக்குங்கள்.