பிரான்ஸ் கால்பந்து நடுக்கள வீரர் கான்டே, தெருவிலிருந்து நேரே இங்கிலாந்தின் லெஸ்டர் அணிக்குப் போனாரா?

தொண்டி, கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பந்து விளையாடும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் சுற்றுவது: "கான்டே எந்த கிளப்பிலும் ஆடாதவர், ஒருநாள் தேர்வில் லெஸ்டர் எடுத்தது."

தவறு. 2012-13இல் பிரான்ஸ் லீக்கின் மூன்றாம் அடுக்கில் புலோன் அணியில் ஆடினார். அடுத்த சீசனில் இரண்டாம் அடுக்கு, கான் அணி: 38 ஆட்டம், ஒன்றுகூட விடவில்லை, அணி முதல் அடுக்குக்கு மேலேறியது. பிறகு ஒரு வருடம் அதே அணியில் முதல் அடுக்கு. 2015இல்தான் லெஸ்டர்.

நடுக்கள வீரரின் அருமை ஒரே ஆட்டத்தில் தெரியாது. பந்தைப் பறிப்பதும் இடைவெளியை அடைப்பதும் 80ஆவது நிமிடத்திலும் குறையாமல், வாரா வாரம் தெரிய வேண்டும். ஆகவே தம்பிகளே, கிளப்புகளுக்குக் காட்ட, கோல் அடித்த துண்டுகளை மட்டும் ஒட்டாமல், முழு 90 நிமிட வீடியோ வையுங்கள். கடற்கரை மணல் காலுக்கு வலு தரும். ஆனால் அதில் பந்து உருளாது, தரைப் பாஸ் பழகாது. அதற்குக் கெட்டித் தரைதான் வேண்டும்.