அழாத பிள்ளை எல்லாம் சமத்து இல்லை

போன ஜூனில் அக்கா மகனை எல்.கே.ஜி.யில் விட நானும் கூடப் போயிருந்தேன். வாசலில் ஒரே அழுகைச் சத்தம். இவன் மட்டும் வாயே திறக்கவில்லை. "பாருங்க, எவ்வளவு சமத்து!" என்றார் ஆயாம்மா. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவன் கை என் கைக்குள் இருந்தது. ஜில்லென்று, வேர்த்து நனைந்திருந்தது. இன்னொரு கை வாட்டர் பாட்டில் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

இதைப் பற்றி நான் படித்தது ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் அமைத்த சோதனையில், ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டுவிட்டு அம்மா சில நிமிஷம் வெளியே போவார், திரும்பி வருவார். வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். சில பிள்ளைகள் அழுது, அம்மாவிடம் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அடங்கி விளையாடப் போய்விடும். சில பிள்ளைகள் அம்மா போனாலும் வந்தாலும் பொம்மையை விட்டுத் தலை நிமிராது. வேறு வகைகளும் உண்டு.

1993-ல் ஜெர்மனியில் ஸ்பாங்லர், கிராஸ்மன் என்ற இருவர் இதே சோதனையில் குழந்தைகளின் இதயத்துடிப்பையும் எச்சிலில் உள்ள கார்டிசாலையும் அளந்து பார்த்தார்கள். கார்டிசால் என்பது உடம்பு நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன். தலை நிமிராத பிள்ளைகளுக்கும் அம்மா போனதும் இதயம் வேகமாக அடித்தது, கார்டிசாலும் ஏறியது. அழுது அம்மாவிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கோ கார்டிசால் ஏறவில்லை.

அமைதியான பிள்ளை எல்லாம் உள்ளே தவிக்கிறது என்று நான் சொல்லவில்லை. சுபாவமே அப்படி இருக்கலாம். ஆனால் முகத்தை மட்டும் பார்த்து "சமத்து" என்று பட்டம் கட்டாதீர்கள்.

நெருக்கமானவர் பக்கத்தில் இருந்தால் உடம்பு அடங்குவது பெரியவர்களுக்கும் உண்டு. 2006-ல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரின் குழுவினர் திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, ஷாக் வரப்போகிறது என்று காட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோதே மூளையின் பதற்றம் கொஞ்சம் குறைந்தது. கணவர் பிடித்தபோது இன்னும் குறைந்தது. மணவாழ்க்கை நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே குறைந்தது. பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் போதாது, யார் என்பதும் உடம்புக்குத் தெரிகிறது.

அதனால்தான் "வாசல்லயே விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று பள்ளிகள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ரெண்டு நாளில் அடங்குவது சத்தம்தான். முதல் வாரமாவது அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார இடம் கொடுங்கள். ஒரு பெஞ்ச் போட்டால் போதும்.

அக்கா கெஞ்சிக் கேட்டு அப்படி உட்கார்ந்தாள். நாலாவது நாள் அவள் எழுந்ததும் அவன் ஓடி வந்து, புடவையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். "இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தான்?" என்று ஆயாம்மா பதறினார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் ஆனது. அப்புறம் அவனே இறங்கி வகுப்புக்குள் போனான்.