என் தம்பி மகன் ‘ஸ்லோ’வாம்

இங்கே இலங்கை மலைநாட்டில், வெள்ளிக்கிழமை தம்பி மகனின் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆசிரியர் மைக்கில் “தோட்டத்துப் பிள்ளைகள் கொஞ்சம் ஸ்லோ” என்றார். மற்றபடி அங்கே என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பதிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் கீழே “ஒரு சாதாரணச் சொல்லுக்கா இவ்வளவு கோபம்?” என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், அந்த ஒரு சொல்லுக்குத்தான். அது சாதாரணச் சொல் இல்லை.

வியாபாரம் ஸ்லோ. நெட் ஸ்லோ. சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் ஸ்லோ. அடுப்பை ஸ்லோவில் வை. கடைசியில் பிள்ளையும் ஸ்லோ. இதற்கெல்லாம் நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது. வியாபாரம் மந்தம் என்போம், கடிகாரம் பிந்துகிறது என்போம், குழம்பை இளந்தீயில் வைப்போம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் “ஆறுதலாச் செய்யுங்கோ” என்பார்கள். அவசரப்படாதே என்று சொல்வதற்கு ஆறுதல் என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள், எவ்வளவு அழகு! பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா பிள்ளையைப் படியில் இறக்கும்போது “ஹெமின், ஹெமின்” என்பார். எங்கள் அப்பாயி மழை நாளில் “பைய வா தாயி, வழுக்கும்” என்பார். இதில் எதிலாவது திட்டு இருக்கிறதா?

மெல்ல, மெதுவாக என்ற இரண்டு சொல்லுமே மென்மையிலிருந்து வந்தவை. மெதுவடையில் இருக்கிற அதே மெதுதான். ஆங்கிலத்து ஸ்லோ அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே அதற்குச் சோம்பேறி, புத்தி மழுங்கியவன் என்ற பொருளும் உண்டு. சோம்பலைக் குறிக்கும் ‘ஸ்லாத்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்ததுதான். ஒரு பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லும்போது இந்தப் பொருளும் கூடவே வருகிறது.

“கல்வித்துறையிலேயே மெல்லக் கற்கும் மாணவர் என்றுதானே சொல்கிறார்கள், அதைத்தான் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்” என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை ஐயா. மெல்லக் கற்கும் என்பதில் ‘கற்கும்’ இருக்கிறது. அந்தப் பிள்ளை கற்கிறான், மெல்லக் கற்கிறான். கூட்டத்தில் சொன்னது அதுவா? “தோட்டத்துப் பிள்ளைகள் கொஞ்சம் ஸ்லோ”. அதில் கற்பதும் இல்லை, கற்பிப்பதும் இல்லை. பிள்ளையே ஸ்லோவாகிவிட்டான்.

“தமிழில் மந்தபுத்தி என்ற சொல் இல்லையா?” இருக்கிறது, மறுக்கவில்லை. கொடுமையான சொல்தான். ஆனால் அதை மைக்கில், பெற்றோரை எதிரே வைத்துக்கொண்டு சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. ஸ்லோ என்றால் வருகிறது. சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. என் கோபம் அதில்தான். ஆசிரியருக்கு வேலைப் பளு என்பது எனக்கும் தெரியும். பளு இருந்தால் பளு என்று சொல்லட்டும்.

இந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. அம்மா தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் கொழுந்தெடுத்தார். அவருடைய நிரைதான், அவர் கிள்ள வேண்டிய செடி வரிசைதான், எப்போதும் கடைசியாக முடியும். இரண்டு இலையும் ஒரு குருத்தும் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவார், முற்றிய இலை ஒன்று கூடைக்குள் விழாது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போனேன். கொழுந்து நிறுக்கிற நேரம். கணக்கப்பிள்ளை கையை விட்டு அள்ளிப் பார்த்துவிட்டு, “கொழுந்து நல்லாத்தான் இருக்கு, கிலோ இல்லையே. நீ ரொம்ப ஸ்லோ” என்றார். அன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த போத்தலை வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டார். மூடியைத் திருகும்போது அவர் விரல் நடுங்கியதை நான் பார்த்தேன்.

அந்தத் தேயிலை எதனால் விலை போகிறது என்று நினைக்கிறீர்கள்? 4,000 அடிக்கு மேலே, குளிரில், செடி மெல்லத்தான் தளிர் விடும். மெல்ல வளர்வதால்தான் அந்த வாசமும் ருசியும். செடி மெல்ல வளர்ந்தால் ருசி, அதைக் கிள்ளுகிற பெண் மெல்லக் கிள்ளினால் அரைப்பேர்.

ரயிலையே பாருங்கள். கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பத்து மணித்தியாலம் அளவில் ஆகும். 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கிற பட்டிப்பொல வரை ஏற வேண்டும், வழியெல்லாம் வளைவு. அந்த ரயிலுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னோமா? ஏற்றம் என்கிறோம். கடல் தாண்டி வந்து ஜன்னலோரம் இடம் பிடிக்கிறார்கள். அந்த ஏற்றத்தைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் கணக்கில் எடுப்பதில்லை? தம்பி மகன் விடிய ஐந்தரைக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து இறங்கி, மூன்று மைல் நடந்து, நனைந்த சப்பாத்தோடு வகுப்பில் உட்காருகிறான். நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். நாங்கள் எந்த இடத்திலிருந்து ஏற ஆரம்பித்தோம் என்று கேட்டுவிட்டல்லவா எங்கள் வேகத்தை அளக்க வேண்டும்?

“எல்லாவற்றுக்கும் பழைய கதையை இழுக்கிறீர்கள்” என்பார்கள். இழுக்கத்தான் செய்வேன். 1948இல் இலங்கையில் சட்டம் போட்டு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டன. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். 55 வருடம். தாத்தா ஒரு வாக்குக்கூடப் போடாமலே போய்ச் சேர்ந்தார். அந்த 55 வருடத்தை யாரும் மைக்கைப் பிடித்து ஸ்லோ என்று சொல்லி நான் கேட்டதில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒரு பக்கம் வாசிக்க அரை மணித்தியாலம் எடுத்தால் மட்டும் எல்லாருக்கும் கடிகாரம் தெரிகிறது.

ஆமாம், அரை மணித்தியாலம்தான் எடுக்கிறான். நேற்று இரவு என் பக்கத்தில் உட்கார்ந்து ரயிலைப் பற்றிய பாடத்தை வாசித்தான். தெமோதரை வந்ததும் நின்றுவிட்டான். அங்கே தண்டவாளம் ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போகும் இல்லையா? “அத்தே, கீழே ரயில் போகையில மேல பிளாட்பாரத்துல நிக்கிறவங்க காலு அதிருமா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் நானும் வாசித்திருக்கிறேன், வேகமாகத்தான் வாசித்தேன், ஒருநாளும் இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. லீவு விட்டதும் போய் நின்று பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.