சிசேரியனால் 'வலி மரபணு' செத்துப்போகுமா?

"முதல் குழந்தை சிசேரியன் என்றால் கர்ப்பப்பையின் வலி மரபணு செத்துவிடும், அடுத்ததும் கத்திதான்" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

'வலி மரபணு' என்று தனியாக ஒன்று கிடையாது. உடலின் மற்ற செல்களில் உள்ள அதே மரபணுக்கள்தான் கர்ப்பப்பைத் தசையிலும். எது எப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறும். நிறைமாதத்தில் கனெக்சின்-43 என்ற புரதத்துக்கான மரபணு மும்முரமாகிறது. அந்தப் புரதம் பக்கத்துப் பக்கத்துத் தசைச் செல்களுக்கு நடுவே நுண்துளைப் பாலம் போடும். அதுவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்த செல்கள், தேர்வடம் பிடித்தாற்போல் சேர்ந்து இழுக்கின்றன. கர்ப்பப்பையை இறுகச் செய்து பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளும் (செல்லின் மேல் உள்ள புரதங்கள்) பெருகுகின்றன. ஐந்தாம் மாதத்தில் அந்த ஹார்மோனுக்கு அவ்வளவாக அசையாத தசை இப்போது இறுகுவது அதனால்தான். பிரசவம் முடிந்தால் எல்லாம் அடங்கும், அடுத்த கர்ப்பத்தில் திரும்பவும் வரும். கத்தி கீறுவது தசையை, மரபணுவை அல்ல.

மறுபடியும் சிசேரியன் என்று டாக்டர் சொல்ல ஒரு முக்கியக் காரணம் பழைய தழும்பு. கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே தழும்பு உள்ளவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால், சுமார் 200 பேரில் ஒருவருக்கு அது விரிசல் விடலாம். ஆனால் அப்படி முயல்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவமே ஆகிறது. தழும்பு எப்படிப்பட்டது என்று தெரிய, பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.