பேக்நெட் ‘திறந்த தரம்’: ஒரு திருத்தம்

பேக்நெட் என்பது கட்டடத்திலுள்ள ஏசி, விளக்கு போன்றவற்றின் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறை. ‘பேக்நெட் திறந்த தரம்தானே, ஏசி கட்டுப்பாட்டுக் கருவியை நேரே இணையத்தில் இணைத்தால் கணக்குப் பிரிவின் மென்பொருளே படித்துக்கொள்ளும்’ என்று நினைப்பது தவறு. அதன் விதிப்படி யாரும் கருவி செய்யலாம் என்பதே ‘திறந்த’ என்பதன் பொருள். ஐபி (இணையம் பயன்படுத்தும் வலையமைப்பு முறை) வழியில் அது வழக்கமாக யுடிபி என்ற தரவு அனுப்பும் முறையில், 47808ஆம் போர்ட்டில் (கருவியின் தொடர்பு வாசலில்) பேசுகிறது; அங்கே பொதுவாகக் குறியாக்கமும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. வெளியிலிருந்து எவரும் உங்கள் கூடத்தின் வெப்பநிலையை மாற்றிவிடலாம். டிஎல்எஸ் என்ற குறியாக்கப் பாதுகாப்புள்ள ‘பேக்நெட் எஸ்சி’ என்ற வகை 2019இல்தான் வந்தது. பழைய கருவிகளுக்கு அது தெரியாது.

சரி, படித்தால்தான் என்ன கிடைக்கும்? ‘அனலாக் இன்புட் 3: 23.5’, அதாவது மூன்றாம் உள்ளீட்டின் அளவு 23.5 என்பது மட்டும். இது எந்த மாடி, எந்த வாடகைதாரர்? அதைப் பொருத்தித் தர இடையில் ஒரு கேட்வே (இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்க்கும் இணைப்புக் கருவி) வேண்டும். அங்கிருந்து அலுவலக மென்பொருளுக்கு எக்ஸ்எம்எல் வடிவில் (தரவுக்குப் பெயர்க்குறி இட்டு எழுதும் உரை வடிவில்) கொண்டுபோகத்தான், தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு ஓபிக்ஸ் என்ற கட்டடத் தகவல் பரிமாற்றத் தரத்தை உருவாக்கியது.