கால்பந்து வீரரின் ஒப்பந்தத்தில் படிப்புக்கும் ஓர் இடம் வேண்டும்

ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒருவரை வேறு நாட்டுக் கிளப் சேர்த்துக்கொண்டால், கால்பந்துப் பயிற்சியோடு, ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தாலும் வேறு தொழில் பார்க்க உதவும் பள்ளிக் கல்வியையோ தொழிற்கல்வியையோ அந்தக் கிளப் உறுதிசெய்தாக வேண்டும் என்கிறது அது. நல்ல விதிதான். ஆனால் வீரருக்கு 18 வயது நிறைந்ததும் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. அதன்பின் படிப்பதும் படிக்காததும் அவர் பாடு. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

ஆட்டமும் படிப்பும் ஒத்துவராது என்பவர்களிடம் காட்டப் பெயர்கள் உண்டு. 1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் அணித்தலைவராக இருந்த சாக்ரடீஸ் மருத்துவம் படித்தவர். ஜெர்மனியின் ஒலிவர் பியர்ஹோஃப் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தொலைநிலைக் கல்வியில் வணிக மேலாண்மை பயின்றார். இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பில் தடுப்பாட்டக்காரராக இருந்த கியெல்லினி 2017இல் டூரின் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆனாலும் இவர்களை உதாரணம் காட்டி, ‘முயன்றால் முடியாதா?’ என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஓரிரு ஆண்டு ஒப்பந்தங்களில் இரண்டாம், மூன்றாம் நிலை லீக்குகளில் ஆடி, சேமிப்பு என்று பெரிதாக எதுவுமில்லாமல் முப்பதைத் தாண்டி வெளியேறுபவர்களின் நிலை வேறு.

அவர்களுக்கும் நேரம் இல்லாமல் இல்லை. பயிற்சி பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும். இல்லாதது ஒழுங்கான கால அட்டவணை. சனிக்கிழமை ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமைக்கு மாற்றுவார்கள். அன்றுதான் ஆறு மாதமாகப் படித்த பாடத்தின் தேர்வு இருக்கும். விடுப்பு கேட்டால், ‘இவன் மனம் ஆட்டத்தில் இல்லை’ என்று பயிற்சியாளர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். களமிறங்கும் பதினொருவரில் இடம் உறுதியில்லாத வீரர் வாயைத் திறக்கவே மாட்டார். எனவே தேர்வு நாளுக்கான விடுப்பை ஒருவருடைய துணிச்சலுக்கு விட்டுவிடாமல், சம்பளத்தையும் ஊக்கத்தொகையையும்போல ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

படிப்பைத் தொடங்க ஏற்ற காலம் காயத்தால் வெளியே இருக்கும் காலம்தான். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் (ACL) கிழிந்தால் களத்துக்குத் திரும்ப ஆறு முதல் ஒன்பது மாதங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். உடற்பயிற்சி சிகிச்சைக்குச் சில மணி நேரம் போனால், மீதிப் பொழுது முழுவதும் ‘இனி ஆட முடியுமா?’ என்ற கவலைதான். மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் அட்டவணை போடும் அதே மேசையில் கல்வி ஆலோசகர் ஒருவரும் உட்கார வேண்டும்.

ஓய்வு பெற்றால் பயிற்சியாளராகிவிடலாம் என்பது பலருடைய கணக்கு. இருபத்தைந்து வீரர்கள் உள்ள அணியில் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்தான் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இங்கிலாந்தில் 1907இல் தொடங்கிய வீரர் சங்கம், இன்றைய உறுப்பினர்களுக்கும் முன்னாள் உறுப்பினர்களுக்கும் படிப்புக்கு நிதியுதவி தருகிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சங்கத்தின் கதவை வீரர்தான் தட்ட வேண்டும்; அவருடைய அன்றாட நேரமோ கிளப்பின் கையில் இருக்கிறது. அதனால் முதல் பொறுப்பு கிளப்புக்கே. வீரர் கிளப் மாறும்போது அவருடைய இதயத்தையும் முழங்காலையும் சோதித்துப் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதுகிறார்கள். என்ன படிக்கிறார், எதுவரை முடித்திருக்கிறார், அடுத்த தேர்வு எப்போது என்ற விவரங்களையும் அப்போதே கேட்டு வாங்கி, புதிய ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம்.