"மறதி நல்ல வசதி" என்று சொன்ன நண்பருக்கும், சிரித்தவர்களுக்கும்

ஞாயிற்றுக்கிழமை நாம் படம் போட்டுப் பேசும் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏன் பாதியில் எழுந்து போனாய் என்று நான்கு நாளாகப் போனிலும் இன்பாக்ஸிலும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லத் தெம்பில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

'மெமெண்டோ' படத்தைப் போட்டதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எதுவும் நினைவில் தங்காத லெனார்டு என்பவன், மனைவியைக் கொன்றவனைத் தேடி அலையும் கதை. 2000-இல் வந்த படம், இன்றைக்குப் பார்த்தாலும் நம்மை அசையவிடாமல் உட்கார வைக்கிறது. படம் முடிந்து பேசும்போதுதான் நண்பர் மைக்கை வாங்கினார். "மறதி சில பேருக்கு நல்ல வசதிங்க. செஞ்சதை எல்லாம் மறந்துட்டு நிம்மதியா இருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு முன்வரிசையைப் பார்த்தார். அங்கே என் பக்கத்தில், விபத்தில் நினைவு போன என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சிலர் சிரித்தீர்கள்.

அண்ணனைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார் என்கிறீர்கள். சரி, பொதுவாகவே இருக்கட்டும். பொதுவாகச் சொன்னாலும் தப்புதான். மறந்துபோனவன் எதையோ மறைக்கிறான் என்கிற அந்த நினைப்பே தப்பு. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

த்ரில்லர் படங்கள் நம்மை இப்படிப் பழக்கிவிட்டன. ஒருவனுக்கு நினைவு போய்விட்டது என்று முதல் காட்சியில் காட்டினால், கடைசிக்குள் ஒரு பிணம் வெளியே வரும் என்று நாமே எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறோம். கொன்றது அவனேதான் என்றால் இன்னும் பலமாகக் கை தட்டுகிறோம். நிஜத்தில் மண்டையில் அடிபட்டவனுக்குள் ரகசிய அறை எதுவும் கிடையாது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று சின்னதாக ஒரு பகுதி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அன்றாடம் நடப்பதை நினைவாக மாற்றித் தருவது அது. அது கெட்டுப்போனால் நடந்தது நிற்காது. இதில் குற்றம் எங்கிருந்து வந்தது?

ஹென்றி மொலேசன் என்று அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். வலிப்பு நோய்க்காக 1953-இல், 27 வயதில், அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதி போய்விட்டது. அதற்கப்புறம் 2008-இல் சாகும்வரை அவருக்குப் புது நினைவு தங்கவே இல்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கோடு போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணனின் கைதான் கண்முன் வந்தது. அண்ணன் லேடீஸ் டெய்லர். 2016-இல் பைபாஸில் பைக்கோடு விழுந்தார். பத்தொன்பது நாள் ஐசியு. எழுந்தபோது அதற்கு முந்தைய மூன்று வருஷம் காணாமல் போயிருந்தது. புதிதாக எது நடந்தாலும் பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம். ஆனால் ஒரு அளவு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். மடித்துப் போட்டு, டேப் வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்து, ஒரே மூச்சில் வெட்டிவிடுவார். கழுத்து வளைவில் கத்தரி ஒரு இடத்தில்கூடத் தயங்காது. யாருடைய ஜாக்கெட் அண்ணா என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். தெரியாது. அதற்காக அண்ணி ஒவ்வொரு துணியிலும் பேரும் தேதியும் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். தெருப் பையன்கள் அவரைக் 'கஜினி' என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். 2005-இல் வந்த படத்தின் பேர், விபத்து நடந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் வாயில்.

சினிமாவை சினிமாவாகப் பார் என்று சொல்வீர்கள். சினிமாவாகத்தான் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா? விடுதிக்காரன் அந்த லெனார்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பணம் வாங்குகிறான். மாட்டிக்கொண்டதும் வியாபாரம் மந்தம் என்று ஒப்புக்கொள்கிறான், எப்படியும் இவன் மறந்துவிடுவான் என்ற தைரியத்தில். நட்டாலி என்கிற பெண், தன் வீட்டிலிருக்கும் பேனாவை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேராகவே உன்னைப் பயன்படுத்திக்கொள்வேன் என்கிறாள். எழுதி வைக்கப் பேனா தேடி அவன் அந்த வீட்டில் அலைகிறானே, எனக்கு அந்தக் காட்சியில் தொண்டை அடைத்தது. கூட்டத்தில் ஒருவர்கூட அதைப் பேசவில்லை. கடைசியில் அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்வதை மட்டும் பிடித்துக்கொண்டு மறதி வசதி என்று முடித்துவிட்டீர்கள்.

மறந்தவனை வைத்து வசதி பண்ணிக்கொள்வது மற்றவர்கள்தான். எங்கள் வீட்டிலேயே நடந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் மாதம் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். 2015-இல் எண்பதாயிரம் கைமாற்று வாங்கினான் என்றார். ஒரு துண்டுச் சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. அண்ணன் என் முகத்தைப் பார்க்கிறார், அண்ணி முகத்தைப் பார்க்கிறார். "வாங்கியிருப்பேனாடா?" என்று என்னிடமே கேட்கிறார். வந்தவர் எழுந்துகொண்டே, "வசதியா மறந்துட்டான்" என்றார். அதே 'வசதி'தான். அண்ணி வளையலை அடகு வைத்துக் கொடுத்தார். வாங்கினாரா இல்லையா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அவருடைய மூன்று வருஷத்தில் யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் எழுதிவிட்டுப் போகலாம். உங்களுக்கு இருண்ட கடந்த காலம் வேண்டுமென்றால் இதைவிட இருட்டு என்னிடம் இல்லை.

டாக்டர்களே பாராட்டிய படமாயிற்றே என்று ஒரு தம்பி லிங்க் அனுப்பியிருந்தார். உண்மைதான். சாலி பாக்சண்டேல் என்ற நரம்பியல் உளவியலாளர் 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி எழுதினார். பெரும்பாலான படங்கள் நினைவிழப்பைத் தப்பாகக் காட்டுகின்றன, 'மெமெண்டோ' விதிவிலக்கு என்றார். ஒத்துக்கொள்கிறேன். நான் படத்தோடு சண்டை போடவில்லை தம்பி, பார்த்தவர்களோடு போடுகிறேன்.

மறதி என்று நடிக்கிறவர்களும் இருக்கிறார்களே என்கிறீர்கள். இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கச் சோதனைகள் இருக்கின்றன, செய்யத் தெரிந்தவர்கள் செய்வார்கள். அது உங்கள் வேலை இல்லை, என் வேலையும் இல்லை.

இன்னொருவர் எழுதியதுதான் இந்த நான்கு நாளில் என்னை அதிகம் நோகடித்தது. "விடுங்க பாஸ், அவர் அப்பவே மறந்திருப்பார், நீங்கதான் பெருசு பண்றீங்க." ஆறுதலாக நினைத்துத்தான் எழுதியிருப்பார். 2010-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஹிப்போகாம்பஸ் பழுதான ஐந்து பேருக்குச் சோகமான படத் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்த காட்சி நினைவிலிருந்து போய்விட்டது. சோகம் போகவில்லை. எதற்காக வருத்தப்படுகிறோம் என்று தெரியாமலேயே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நான் எழுந்ததும் அண்ணனும் எழுந்து வந்துவிட்டார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ரயில்வே கேட்டில் நின்றபோது, "என்னடா, மனசு ஒரு மாதிரி இருக்கு, ஏதாவது நடந்துச்சா?" என்றார். ஒண்ணுமில்லண்ணா என்றேன். பெட்ரோல் பங்க் தாண்டியதும் மறுபடி கேட்டார். வாசலில் இறங்கும்போதும் கேட்டார். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாடா?" என்றார் மூன்றாவது தடவை. அண்ணனின் மகள் சின்னவள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். அவள் பிறந்தது 2014-இல், அவரிடம் இல்லாத அந்த மூன்று வருஷத்துக்குள். தினமும் காலையில் அவளேதான் போய், "அப்பா, நான் சின்னவ" என்று சொல்லிவிட்டுத் தலைவாரிக்கொள்ள உட்காருவாள். அவளைப் பார்த்ததும் அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் ராத்திரி சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

நண்பர் என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அண்ணனிடம் கேட்டால் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. கேட்டுவிட்டுப் போங்கள், பத்து நிமிஷமாவது அவர் நெஞ்சு லேசாக இருக்கும். அடுத்த ஞாயிறும் வருவேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.